தலைக்கு மேலே 35,786 கிலோமீட்டர்: டிஷ், சாட்டிலைட், ஆர்தர் கிளார்க் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பதினெட்டு வருஷம் வீடு வீடாக டிஷ் மாட்டியவன் நான். மொட்டை மாடியில் போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்பார். ஐந்து நிமிஷத்தில் கேள்வி ஆரம்பிக்கும். இப்போது அந்த வேலையை விட்டாகிவிட்டது. மாதம் ஒரு ஞாயிறு எங்கள் பகுதி நூலகத்தில் அறிவியல் புனைகதை படிக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். அங்கே பேச்சு வேறு மாதிரி போகும் என்று நினைத்தேன். சுற்றிச் சுற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன, கேட்கிறவர்கள் மட்டும் வேறு. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணே, சாட்டிலைட் வானத்துல அப்படியே நிக்குதா? நின்னா கீழ விழாதா?

நிற்கவில்லை. விநாடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதாவது மணிக்குச் சுமார் 11,000 கிலோமீட்டர். பொருட்காட்சியில் குதிரை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். உள்வரிசைக் குதிரையில் தம்பி, வெளிவரிசைக் குதிரையில் அக்கா. வெளிக்குதிரைக்குச் சுற்று பெரிது, வேகமும் அதிகம். ஆனால் தம்பி திரும்பிப் பார்த்தால் அக்கா எப்போதும் அதே பக்கத்தில்தான் இருப்பாள். நாம் தம்பி, சாட்டிலைட் அக்கா.

விழுவதைப் பற்றிச் சொன்னால், அது விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமி இழுக்கிறது, அதுவும் வளைந்து வருகிறது. பக்கவாட்டு வேகம் சரியான அளவில் இருப்பதால் அந்த வளைவு தரையில் வந்து முடியாமல் முழு வட்டமாகிவிடுகிறது. நிலா விழாமல் இருப்பதும் இதனால்தான்.

அது ஏன் கரெக்டா 35,786? ரவுண்டா 36,000 வச்சா ஆகாதா?

இதைக் கேட்டவர் ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பூமிக்குப் பக்கத்தில் சுற்றுவது வேகமாகச் சுற்றும், தள்ளிச் சுற்றுவது மெதுவாகச் சுற்றும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம். சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலாவுக்கு 27 நாள் சொச்சம். அப்படியென்றால் நடுவில் எங்கேயோ, ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு நாள் எடுக்கும் உயரம் ஒன்று இருந்தாக வேண்டும். அதுதான் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர்.

ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் இல்லை. 23 மணி 56 நிமிடம் 4 விநாடி. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற ஆகும் நேரம் அவ்வளவுதான். சூரியனையும் சுற்றி நகர்வதால் நம் கடிகாரத்தின் 24 மணி ஆக மேலும் ஒரு நான்கு நிமிடம் தேவைப்படுகிறது.

36,000-க்குத் தூக்கி வைத்தால் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 நிமிடம் கூடுதலாகும். தினமும் ஏறக்குறைய 2.7 டிகிரி மேற்கே பின்தங்கும். நம் தெற்கே தெரிந்துகொண்டிருந்த சாட்டிலைட் ஒரே மாதத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம் போய்விடும். நான் தினமும் ஒவ்வொரு வீட்டு மாடியிலும் ஏறி டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதுதான்!

அப்ப சென்னைக்கு நேர் மேல ஒண்ணை நிறுத்திட்டா மழைக்காலத்துல வசதிதானே?

முடியாது. எந்தச் சுற்றுப்பாதையாக இருந்தாலும் அதன் தளம் பூமியின் மையம் வழியாகத்தான் போகும். சென்னையின் அட்சரேகைக்கு மேலேயே, மையத்தை விட்டு விலகி வட்டம் போட வழியே இல்லை. ஆகவே அசையாமல் தெரிய வேண்டும் என்றால் நிலநடுக்கோட்டுக்கு மேலே மட்டும்தான் இடம். பாதையைச் சாய்த்து வைத்தால், அதே ஒரு நாள் சுற்றுக்கு, வானத்தில் மேலும் கீழும் எட்டு போட்டுக்கொண்டிருக்கும். வழிகாட்டும் வேலைக்கு அப்படியும் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவின் நாவிக் அமைப்பு ஏழு செயற்கைக்கோள்களுக்காகத் திட்டமிடப்பட்டது. அதில் நான்கு இப்படி எட்டு போடுகிறவை, மூன்று அசையாதவை.

தெருவுல எல்லா டிஷ்ஷும் ஒரே பக்கம் பாக்குது. ஆனா வானத்தைப் பாக்காம எதிர் வீட்டு ஜன்னலைப் பாக்குற மாதிரியில்ல இருக்கு?

மதுரையில் நின்று 83 டிகிரி கிழக்கில் இருக்கும் சாட்டிலைட்டைப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே திரும்பி, 77 டிகிரி அண்ணாந்து பார்க்க வேண்டும். கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. லண்டனில் இருப்பவருக்கு எந்தப் புவிநிலைச் சாட்டிலைட்டும், அதாவது இப்படி அசையாமல் தெரியும் எதுவும், 31 டிகிரிக்கு மேல் ஏறாது. பக்கத்துக் கட்டடம் மறைக்கிறதே என்று அவர் கவலைப்பட வேண்டும். நமக்கு அந்தக் கவலை குறைவு. மாமரம் ஒன்றுதான் எதிரி.

அப்படியிருந்தும் டிஷ் எதிர் வீட்டைப் பார்ப்பது போலத் தெரிவதற்குக் காரணம், அது முழுக் கிண்ணம் இல்லை. பெரிய கிண்ணம் ஒன்றின் ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தது போன்ற வடிவம். குச்சியின் நுனியில் இருக்கும் எல்என்பி, அதாவது அலையை வாங்கும் சின்னப் பெட்டி, டிஷ்ஷுக்கு நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அதனால் தட்டின் முகம் பார்க்கும் திசையைவிட இருபது இருபத்தைந்து டிகிரி மேலேதான் அதன் உண்மையான பார்வை. எல்என்பியின் நிழல் தட்டில் விழாது, மழைத் தண்ணீரும் தேங்காது. பழைய முழுக்கிண்ண டிஷ்களில் காக்கா குளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மாட்டும்போது ஒன்றிரண்டு டிகிரி தவறினால் படம் போய்விடும். அதனால்தான் கடைசி போல்ட்டை முடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். முடுக்குகிற முடுக்கில் தட்டு ஒரு நூல் நகரும். அனுபவஸ்தர்கள் அந்த நூலையும் கணக்கில் வைத்து, முதலிலேயே எதிர்ப்பக்கம் ஒரு நூல் தள்ளி வைப்பார்கள்.

மழை வந்தா எங்க வீட்ல படம் போகுது. கேபிள் வச்சிருக்கிற பக்கத்து வீட்ல போகமாட்டேங்குது. ஏன்?

உங்கள் டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். கனமழையின் துளிகள் அதை நன்றாகவே உறிஞ்சிச் சிதறடித்துவிடும். கேபிள்காரரும் சாட்டிலைட்டிலிருந்துதான் எடுக்கிறார். ஆனால் பெரும்பாலும் ஏழரை சென்டிமீட்டர் அலையில், பத்துப் பன்னிரண்டு அடி டிஷ் வைத்து. நீள அலையை மழை அவ்வளவாகச் சீண்டாது.

மழையே இல்ல. நல்ல வெயில். மத்தியானம் பத்து நிமிஷம் படம் போயிட்டு தானா வந்துடுச்சு. நீங்க மாட்டினது சரியில்லையா?

இந்தப் புகாரில் ஆரம்பத்தில் நானே ஏமாந்திருக்கிறேன். ஒரு வீட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து போய், சரியாக இருந்த டிஷ்ஷைத் திருப்பி, திரும்பச் சரிசெய்து, வீட்டுக்காரம்மாவிடம் திட்டும் வாங்கினேன். நான்காம் நாள் அதே நேரத்துக்கு மாடியில் நின்றபோதுதான் உறைத்தது: தட்டில் பட்ட வெயில் அப்படியே எல்என்பியின் முகத்தில் குவிந்திருந்தது. சூரியன் அப்போது நேராகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் இருந்தான்.

சூரியனும் ஒரு ரேடியோ நிலையம் மாதிரிதான், ஓயாமல் இரைச்சலை அனுப்பிக்கொண்டிருக்கிறான். டிஷ் பார்க்கும் அதே கோட்டில் அவன் வந்து நின்றால் சாட்டிலைட்டின் சன்னக்குரல் எடுபடாது. நம் பக்கத்தில் இது பங்குனித் தொடக்கத்திலும் புரட்டாசியிலும் சில நாட்கள், நண்பகலை ஒட்டிச் சில நிமிடங்கள் நடக்கும். டிஷ்ஷில் கை வைக்க வேண்டாம். அதே நாட்களின் நள்ளிரவில் சாட்டிலைட்டே பூமியின் நிழலுக்குள் போகும், அதிகபட்சம் 72 நிமிடம். அப்போது அது பேட்டரியில் ஓடுகிறது, நமக்குத் தெரிவதே இல்லை.

இதையெல்லாம் ஒரு கதை எழுதுறவர்தான் கண்டுபிடிச்சார்ங்கிறாங்களே, நிஜமா?

பாதி நிஜம். ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரிட்டன் பத்திரிகையில் எழுதியது கதை இல்லை, தொழில்நுட்பக் கட்டுரை. அந்த உயரத்தில் 120 டிகிரி இடைவெளி விட்டு மூன்று நிலையங்களை வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று படம் போட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 27. பிரிட்டன் விமானப்படையில் ரேடார் வேலை. மூடுபனியில் வரும் விமானத்தைத் தரையிலிருந்தே ரேடாரில் பார்த்து, வழிசொல்லி இறக்கும் கருவியோடு பழகியவர். ரேடியோ அலை எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு தேயும் என்பது அவருக்கு அன்றாடச் சோறு. ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டுகள் லண்டன் மேல் விழுந்து முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த ராக்கெட்டை இன்னும் பெரிதாக்கினால் என்ன என்பதுதான் அவருடைய யோசனையின் தொடக்கம்.

அந்தச் சுற்றுப்பாதை அவருடைய கண்டுபிடிப்பு இல்லை. ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி அதற்கு வெகு முன்பே அப்படி ஓர் உயரம் உண்டு என்பதைக் காட்டியிருந்தார். ஹெர்மன் பொடோச்னிக் என்ற ஸ்லோவேனியப் பொறியாளர் 1920-களின் கடைசியில் அங்கே ஒரு விண்வெளி நிலையத்தையே வரைந்து வைத்திருந்தார். கிளார்க் சேர்த்தது, அந்த இடத்தை உலகத்துக்கே ஒலிபரப்பும் கோபுரமாக ஆக்கலாம் என்பதையும் அதற்கான கணக்கையும். அந்தப் பாதைக்கே இன்று கிளார்க் வளையம் என்ற பெயரும் வழங்குகிறது.

அப்ப அவர் தீர்க்கதரிசின்னே சொல்லலாம்ல?

நூலகக் கூட்டத்தில் மாதம் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். எனக்கு ஒப்புதல் இல்லை. எண்களில் அவர் பிழை விடவில்லை. ஆட்கள் விஷயத்தில் தவறிவிட்டார். அந்த நிலையங்களில் மனிதர்கள் குடியிருப்பார்கள் என்றே எழுதினார். காரணம், 1945-ல் ரேடியோ என்றால் வால்வு ரேடியோ. வால்வு சூடாகும், பியூஸ் ஆகும், கழற்றி மாட்ட ஆள் வேண்டும். பழைய வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். டிரான்சிஸ்டர் வந்தது 1947 டிசம்பரில். அது வராவிட்டால், இன்றைக்கு நான் செய்த வேலையை வானத்தில் சம்பளத்துக்கு ஒருவர் செய்துகொண்டிருப்பார்.

காலக்கணக்கிலும் தவறிவிட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் அதே பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், இது நடக்க அரை நூற்றாண்டு ஆகலாம் என்றார். 19 ஆண்டில் நடந்துவிட்டது. கனவு காண்பதையே தொழிலாக வைத்திருந்தவர், ராக்கெட் எவ்வளவு வேகமாக வளரும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். அவருடைய கதைகளைவிட இந்தத் தவறுகள்தான் எனக்குச் சுவாரசியம்.

காப்புரிமை வாங்கி வச்சிருந்தா கோடி கோடியா சம்பாதிச்சிருப்பாரே?

ஒரு பைசா வந்திருக்காது. அன்று பிரிட்டனில் காப்புரிமைக்கு ஆயுள் 16 ஆண்டு. 1945-ல் வாங்கியிருந்தால் 1961-லேயே காலாவதி. அந்த உயரத்துக்கு முதல் கோள் போனது 1963-ல்.

முதல்ல எப்பதான் நடந்துச்சு?

1962 ஜூலையில் டெல்ஸ்டார் என்ற கோள் அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது. ஆனால் அது தாழப் பறந்த கோள். ஒரு முறை தலைக்கு மேலே வந்தால் இருபது நிமிடம்போலத்தான் இரு கரைக்கும் சேர்ந்து தெரியும். அதற்குள் பெரிய பெரிய ஆன்டெனாக்களைத் திருப்பிக்கொண்டே துரத்த வேண்டும்.

அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனத்தில் ஹரால்டு ரோசன் என்ற பொறியாளரும் அவருடைய குழுவும், எடை குறைவான, தன்னைத்தானே பம்பரம் போலச் சுழன்று நிலைநிற்கும் சிறிய கோளைச் செய்தார்கள். பெயர் சின்காம். முதல் சின்காம் 1963 பிப்ரவரியில் மேலே போனதோடு பேச்சை நிறுத்திக்கொண்டது. இரண்டாவது அதே ஆண்டு ஜூலையில் வெற்றி பெற்றது. அமெரிக்க அதிபர் கென்னடியும் நைஜீரியப் பிரதமர் பலேவாவும் அதன் வழியாகத் தொலைபேசியில் பேசினார்கள். ஆனால் அதுவும் சாய்ந்த பாதைதான். முன்பு சொன்ன எட்டு போடும் ரகம். 1964 ஆகஸ்டில் போன சின்காம் 3-தான் முதன்முதலில் அசையாமல் நின்ற கோள். அந்த அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக்கை அமெரிக்காவுக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு வணிகத்துக்கு வந்த 'ஏர்லி பேர்ட்' 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கியது, அல்லது ஒரே ஒரு டிவி சேனலை.

நம்ம நாட்டுக்கு இன்சாட்தானே முதல்ல வந்தது?

அதற்கு முன்பே வந்துவிட்டது, இரவல் சாட்டிலைட்டில். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நாசாவின் ஏ.டி.எஸ்-6 கோளை இஸ்ரோ கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக நிகழ்ச்சி ஒளிபரப்பியது. சைட் திட்டம் என்று பெயர். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. கோழிவலைக் கம்பியில் செய்த பத்தடி டிஷ், ஊருக்குப் பொதுவாக ஒரு டிவி. இன்று தெருவுக்கு ஐம்பது டிஷ் தொங்குவதைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கோழிவலைதான் ஞாபகம் வரும்.

சொந்தமாகச் செய்த முதல் புவிநிலைத் தொடர்புக்கோள் ஆப்பிள், 1981 ஜூனில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. மாட்டு வண்டியில் சாட்டிலைட் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் அதனுடையதுதான். "வண்டி வாங்கக் காசில்லை, பாவம்" என்று அதை எல்லோரும் பகிர்கிறார்கள். விஷயம் வேறு: ஆன்டெனா சோதனைக்குச் சுற்றிலும் உலோகம் இல்லாத மேடை தேவைப்பட்டது, மரவண்டி தோதாக இருந்தது. திட்டத்தின் இயக்குநர் ஆர்.எம். வாசகம், பின்னால் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். மேலே போனபின் ஒரு பக்கத்துச் சூரியத் தகடு விரியவே இல்லை, இருந்தும் அதை வைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை வாங்கினார்கள்.

இன்சாட்-1ஏ 1982-ல் சில மாதங்களிலேயே போய்விட்டது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்கலம் ஏற்றிப் போன இன்சாட்-1பிதான் நாட்டின் டிவி கதையை மாற்றியது.

எங்க ஊர்ல அந்தக் காலத்துல ரூபவாகினி பாத்தோமே, அது சாட்டிலைட்டா?

இல்லை. அது இலங்கையின் உச்சியான பிதுருதலாகல மலையில் இருக்கும் கோபுரத்திலிருந்து கடல் தாண்டி வந்த சாதாரண ஒளிபரப்பு. அதற்காகத்தான் அவ்வளவு உயரக் குழாயில் மீன்முள் ஆன்டெனா கட்டினோம்.

கிளார்க் இலங்கையில இருந்தார்னு சொல்றாங்க. அங்க போய் எதுக்கு?

கடலுக்காக. ராக்கெட், வானம் என்று எழுதியவருக்கு முத்துக்குளிப்பது போல மூழ்குவதில்தான் ஆசை. நீருக்கடியில் உடம்பு எடையில்லாமல் மிதப்பது விண்வெளிக்கு மிகப் பக்கத்து அனுபவம் என்பார். 1956-ல் வந்தவர் 2008 மார்ச்சில் கொழும்பில் காலமாகும் வரை அங்கேயே இருந்தார்.

வந்த ஆண்டிலேயே நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே மூழ்கினார். சம்பந்தர் பதிகம் பாடிய திருக்கோணேச்சரம் நின்ற பாறை அது. 1620-களில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். அந்தத் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் இவர்கள் பார்த்தார்கள். விண்வெளி எழுத்தாளர் என்று மட்டும் அவரை அறிந்த நம் வாசகர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மேலே சொன்ன சைட் திட்டத்தின்போது, 1975-ல், இந்தியப் பொறியாளர்கள் கொழும்பில் அவர் வீட்டிலும் ஒரு டிஷ் மாட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் டிவி நிலையமே 1979-ல்தான் வந்தது. ஊரில் ஒரு சேனலும் இல்லாத காலத்தில், தான் முப்பது வருஷத்துக்கு முன் கணக்குப் போட்ட உயரத்திலிருந்து வரும் படத்தைத் தன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். டிஷ் மாட்டுகிறவனாக எனக்குப் பொறாமை, அந்த வேலைக்குப் போன ஆட்கள் மேல்தான்.

போன் பேசுறது, நெட்டு எல்லாம் சாட்டிலைட் வழியாத்தானே?

இதற்கு இல்லை என்று சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வெளிநாட்டுப் பேச்சும் இணையமும் கிட்டத்தட்ட முழுவதும் கடலடிக் கேபிளில் போகின்றன. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்துக் கல்கிசைக்கு 2006 முதல் ஒரு கேபிள் கிடக்கிறது. சென்னைக் கரையில் பல கேபிள்கள் ஏறுகின்றன.

காரணம் தூரம். ஒளி வேகத்தில் போனாலும் மேலே போய்க் கீழே வர கால் விநாடி. நீங்கள் கேட்டு, அவர் பதில் சொல்லி வர அரை விநாடி. டிவியில் வெளியூர் நிருபர் கேள்வியை வாங்கிக்கொண்டு சும்மா தலையாட்டி நிற்பாரே, பெரும்பாலும் அதுதான். அட்லாண்டிக்கில் முதல் கண்ணாடியிழைக் கேபிள் 1988-ல் வந்தது. அதற்குப் பிறகு தொலைபேசி மெல்ல மெல்ல வானத்தை விட்டு இறங்கிவிட்டது. கைபேசியில் வழிகாட்டும் ஜிபிஎஸ் மட்டும் சாட்டிலைட்தான். அதுவும் வேறு பாதை: 20,200 கிலோமீட்டர் உயரம், நாளைக்கு இரண்டு சுற்று.

ஸ்டார்லிங்க் வந்துட்டா இந்த டிஷ் எல்லாம் காயலான்கடைக்குத்தானா?

ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டரில் பறப்பவை. அதனால் மேலே சொன்ன தாமதம் அங்கே இல்லை. ஆனால் தாழப் பறப்பதால் ஒரு கோள் நம் தலைக்கு மேலே சில நிமிடம்தான் இருக்கும். ஒன்று போக ஒன்று வர, ஆயிரக்கணக்கில் வேண்டும். டெல்ஸ்டாரைத் துரத்திய அதே தொல்லைதான். இப்போது ஆன்டெனா அசையாமல், உள்ளிருக்கும் மின்னணுவே அலையின் திசையைத் திருப்புகிறது. 2019 மே மாதத்தில் முதல் தொகுதியாக 60 கோள்கள் போனபோது வானத்தில் வரிசையாக விளக்கு போனதைப் பார்த்து வேற்றுக்கிரகவாசி என்று எனக்கே நாலு போன் வந்தது. இலங்கையில் 2025-ல் சேவை தொடங்கிவிட்டது.

ஆனால் ஒரே கிரிக்கெட் போட்டியை ஒரே நேரத்தில் கோடி வீட்டுக்குக் கொடுப்பதற்கு அசையாத ஒற்றைக் கோள்தான் மலிவு. மழைப் படமும் அப்படித்தான். ஐப்பசி கார்த்திகையில் புயல் சின்னத்தைக் கைபேசியில் விடாமல் பார்க்கிறீர்களே, வங்கக்கடலையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் இன்சாட்-3டி வரிசைக் கோள்களின் படம் அது. 550 கிலோமீட்டரில் ஓடுவது அந்த வேலைக்கு ஆகாது.

குலசேகரப்பட்டினத்துல ராக்கெட் தளம் வருதே, அங்க இருந்து இதை விடுவாங்களா?

இல்லை. அது தெற்கு நோக்கித் துருவப் பாதைக்குப் போகும் சிறிய ராக்கெட்டுகளுக்கு. புவிநிலைப் பாதைக்குக் கிழக்கே ஏவ வேண்டும். குலசைக்குக் கிழக்கே இலங்கை இருக்கிறது. அந்த வேலை ஸ்ரீஹரிகோட்டாவிலேயே தொடரும். நம் ஊர்ப் பங்கு வேறு இடத்தில்: திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சினை, பலமுறை எரித்துச் சோதித்தார்கள். அந்தச் சொந்த எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் போனது 2014 ஜனவரி 5-ல்.

வானத்துல சாட்டிலைட் நிக்குற அந்த இடம் யாருக்குச் சொந்தம்? வாடகை உண்டா?

வாடகை கிடையாது, ஆனால் சண்டை உண்டு. 1976-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் நிலநடுக்கோட்டு நாடுகள் எட்டு கூடி, எங்கள் தலைக்கு மேலே இருக்கும் வளையம் எங்களுக்கே சொந்தம் என்று அறிவித்தன. மற்ற நாடுகள் ஏற்கவில்லை. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முன்கூட்டிப் பதிந்து இடம் வாங்குவதே இன்றும் நடைமுறை. அன்று ஒரு லட்சம் பேர்கூட முழுசாக இல்லாத டோங்கா என்ற பசிபிக் தீவு நாடு, 1980-களின் கடைசியில் சத்தமில்லாமல் 16 இடம் கேட்டு விண்ணப்பம் போட்டது! பெரிய நாடுகள் கத்தியதில் ஆறோடு நின்றது. நம் பக்கத்து ரியல் எஸ்டேட்காரர்கள் இதைக் கேட்டால் மனம் நொந்துபோவார்கள்.

ஆயுசு முடிஞ்ச சாட்டிலைட் நம்ம தலையில விழுமா?

இவை விழாது. அங்கே உரசிக் கீழே இழுக்கக் காற்றே இல்லை. அதுதான் தொல்லையும்கூட. நிலாவும் சூரியனும் இழுக்க, கோள் தன் இடத்தை விட்டு மெல்ல நகரும். எரிபொருள் தீரும்வரை அவ்வப்போது பிடித்து இழுத்து வைக்கிறார்கள். கடைசிச் சொட்டை மிச்சம் வைத்து, சுமார் 300 கிலோமீட்டர் மேலே தள்ளிக் கைவிடுவது வழக்கம். சுடுகாட்டுப் பாதை என்று நாங்கள் சொல்வோம்.

அப்படித் தள்ளாமல் செத்த கோள்கள் என்ன ஆகும்? பூமி சரியான உருண்டை இல்லாததால் வளையத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று 105 டிகிரி மேற்கு. இன்னொன்று 75 டிகிரி கிழக்கு, அதாவது நமக்குத் தென்மேற்கே. கைவிடப்பட்டவை அந்தப் பள்ளத்தைச் சுற்றி ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்.

எரிபொருள் குறைந்ததற்கு வைத்தியமும் வந்துவிட்டது. 2020 பிப்ரவரியில் எம்இவி-1 என்ற கலம் இன்டெல்சாட் 901 என்ற கிழட்டுக் கோளைப் பின்னாலிருந்து பற்றிக்கொண்டு மறுபடி வேலைக்கு இழுத்து வந்தது. கிளார்க் நினைத்த ரிப்பேர்காரர் 75 வருஷம் கழித்து, ஆளில்லாமல், வந்து சேர்ந்துவிட்டார்.

அவ்வளவு உயரத்துல அசையாம இருக்குன்னா அங்கிருந்து கயிறு விட்டு லிஃப்ட் கட்டலாமே?

நூலகத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டது. இதே யோசனையை 1960-ல் ரஷ்யப் பொறியாளர் யூரி அர்ட்சுதானோவ் எழுதினார். கிளார்க் 1979-ல் இதை வைத்து ஒரு நாவலே எழுதி, லிஃப்ட்டை நிலநடுக்கோட்டில் இறக்குவதற்காக இலங்கையை அப்படியே தெற்கே நகர்த்தி வைத்தார். கதாசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு.

தடை கயிறுதான். அவ்வளவு நீளத்துக்கு எஃகை விட்டால் தன் எடையிலேயே அறுந்துவிடும். கரி நானோக்குழாய்களுக்குக் காகிதத்தில் பலம் இருக்கிறது. ஆனால் குறையே இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அதைத் திரிக்க இன்னும் யாருக்கும் கைவரவில்லை. இன்னொரு சிக்கலை அந்தப் பெண்ணே சொன்னாள்: "கீழ சுத்துற சாட்டிலைட் எல்லாம் என்னைக்காவது ஒரு நாள் கயித்துல வந்து மோதுமே, சார்?" மோதும். நிலநடுக்கோட்டைத் தாண்டாமல் எதுவும் பூமியைச் சுற்ற முடியாது.

எச்.ஏ.எல். கம்ப்யூட்டர் பேரை ஒவ்வொரு எழுத்தா நகத்தினா ஐ.பி.எம். வருதே, வேணும்னே வச்சதுதானே?

1968-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில் கிளார்க்கோடு சேர்ந்து உருவாக்கிய பேசும் கணினி அது. எச்-க்கு அடுத்தது ஐ, ஏ-க்கு பி, எல்-லுக்கு எம். பொருத்தம் கச்சிதம்தான், ஆனால் தற்செயல் என்று கிளார்க் கடைசிவரை சொன்னார். படத்துக்கு ஐபிஎம் உதவி செய்திருந்தது. முன்பே கவனித்திருந்தால் பெயரை மாற்றியிருப்போம் என்றார். அதே படத்தில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேர் தட்டையான திரையைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். 2011-ல் ஐபேட் வடிவத்துக்காக ஆப்பிள் வழக்குப் போட்டபோது, சாம்சங் அந்தக் காட்சியை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டியது.

சாட்டிலைட்டைக் கண்ணால பாக்க முடியுமா?

தாழப் பறப்பவை தெரியும். நம் டிஷ் பார்க்கும் கோள்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியாது, டெலஸ்கோப் வேண்டும். தை மாதம் இரவு ஒன்பது மணிபோல வேட்டைக்காரன் என்ற நட்சத்திரக் கூட்டம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே வரும். அதன் இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம். நம் ஊர் அட்சரேகையிலிருந்து பார்த்தால் கிளார்க் வளையம் ஏறக்குறைய அந்த மூன்றையும் ஒட்டித்தான் போகிறது.

நூலகப் பையன் ஒருவன் ஆறு அங்குல டெலஸ்கோப் வைத்திருக்கிறான், மோட்டார் இல்லாதது. ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரையில் வைத்துக் காட்டினான். பூமி சுற்றுவதால் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறிக்கொண்டே இருந்தன. மங்கலான ஒரு புள்ளி மட்டும் நடுவிலேயே நின்றது. எந்தக் கோள் என்று அவன் கேட்டான். இருட்டில் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன். நான் தெருத் தெருவாக டிஷ் திருப்பி வைத்த அதே பக்கம்.